பெரிய பதிவிறக்கத்தின்போது அறுபடும் வீட்டு இணையம்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் வீட்டு இணையம், யாராவது ஒருவர் நூறு ஜிபி அளவுள்ள விளையாட்டு ஒன்றை இறக்கத் தொடங்கியதும் தடுமாறுகிறது. அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் இருப்பவரின் முகம் திரையில் உறைந்துபோகிறது, யுபிஐ பணப்பரிமாற்றம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, தொலைக்காட்சியில் படம் நின்றுவிடுகிறது. பதிவிறக்கம் முடிந்ததும் எல்லாம் தானாகவே சரியாகிவிடுகிறது. இந்தக் குறைக்குப் பெரும்பாலான வீடுகளில் எடுக்கப்படும் முடிவுகள் மூன்று: சேவை நிறுவனத்தில் புகார் கொடுப்பது, கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுவது, நான்கைந்து ஆன்டெனா முளைத்த புதிய ரூட்டர் ஒன்றை வாங்குவது. மூன்றுமே ஏதோவொரு சூழலில் சரியான முடிவுகள்தாம். ஆனால் அவை மூன்று வெவ்வேறு கோளாறுகளுக்கான தீர்வுகள் என்பதையும், அவற்றைவிட மலிவான வழிகள் சில இருக்கின்றன என்பதையும் பார்க்காமலேயே பணத்தைச் செலவழிப்பவர்கள் மிகுதி.

தமிழ்நாட்டு நகரங்களில் இப்போது பரவலாக உள்ள அமைப்பையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு, ஒளியிழையை வாங்கிக்கொள்ளும் ஓஎன்டியும் வைஃபை ரூட்டரும் ஒன்றாக அமைந்த, சேவை நிறுவனமே கொடுத்த பெட்டி, இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடு, பத்துப் பன்னிரண்டு கருவிகள்.

எந்த வழியைத் தேர்வது என்பதற்கு முன்னால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இதற்குப் பணச் செலவில்லை. கணினியில் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றொன்றில் வெளியிலுள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கும் நிறுத்தாமல் பிங் (சிறு பொட்டலம் ஒன்றை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் கட்டளை) ஓட விடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேறொரு கருவியில் அந்தப் பெரிய பதிவிறக்கத்தைத் தொடங்குங்கள். சும்மா இருக்கும்போது முதல் சாளரத்தில் ஓரிரு மில்லி வினாடியும், இரண்டாவதில் பத்து, இருபது மில்லி வினாடியும் வந்துகொண்டிருக்கும். பதிவிறக்கம் சூடு பிடித்தபின் இந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்பதில்தான் விடை இருக்கிறது.

முதல் சாளரமே தடுமாறினால், அதாவது அறைக்குள் இருக்கும் ரூட்டரிடமிருந்தே பதில் தாமதமாகவோ வராமலோ போனால், இணைய நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வைஃபை, கேபிள், மின் அடாப்டர், ரூட்டரின் திராணி ஆகியவற்றில் ஒன்றுதான் காரணம். முதல் சாளரம் அசையாமல் இருக்க, இரண்டாவது மட்டும் 20-லிருந்து 300, 500, 900 என்று ஏறிக்கொண்டே போனால் இணைப்பு அறுபடவே இல்லை; வரிசை நீண்டுவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது சாளரத்தில் பதிலே இல்லாமல் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கழித்து மீண்டும் உயிர்பெற்றால், வெளி இணைப்பு உண்மையிலேயே விழுந்து எழுந்திருக்கிறது. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வெளி இணைப்பு எவ்வளவு நேரமாக உயிரோடிருக்கிறது என்ற கணக்கு சுழியிலிருந்து தொடங்கியிருப்பதும் இதை உறுதிசெய்யும். இரண்டு சாளரங்களும் நன்றாக இருக்க, புதிய இணையதளங்கள் மட்டும் திறக்காமல் போகும் நான்காவது நிலை ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தச் சோதனையைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட்.காம் வேகச் சோதனையில் கூடுதல் விவரங்களைத் திறந்து பார்க்கலாம். சுமையில்லாதபோதும் சுமை ஏறியபோதும் உள்ள தாமதத்தை அது தனித்தனியே காட்டும். வெறும் வேக எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "நூறு வருகிறதே" என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. நூறு வந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் வீடே தவிக்கிறது.

நான் பார்த்த வரையில் இரண்டாவது நிலையே மிகப் பரவலானது என்பதால் அதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வேகமான பாதை ஒன்று குறுகலான பாதையில் சேரும் இடத்தில், உள்ளே செல்ல முடியாத தரவுப் பொட்டலங்கள் பஃபர் என்னும் நினைவகத்தில் காத்திருக்கின்றன. நினைவகச் சில்லுகள் மலிவானதால் கருவிகளைச் செய்பவர்கள் இந்தக் காத்திருப்பு இடத்தைத் தாராளமாக வைத்துவிட்டார்கள். தரவு அனுப்பும் டிசிபி நெறிமுறையோ, பொட்டலம் எங்காவது தொலைந்தால்தான் தன் வேகத்தைக் குறைக்கும் வகையில் உருவானது. பெரிய பஃபர் எதையும் தொலைக்காமல் அடுக்கிக்கொண்டே போவதால், அனுப்புபவருக்கு நெரிசல் இருப்பதே தெரிவதில்லை. 1 எம்பி அளவுள்ள வரிசை, 100 எம்பிபிஎஸ் பாதையில் 80 மில்லி வினாடியில் கரையும். அதே வரிசை 10 எம்பிபிஎஸ் பாதையில் கரைய 800 மில்லி வினாடி ஆகும். காணொளிப் பேச்சுக்கு அது மரண அடி. ரேஷன் கடையில் ஐம்பது அட்டைகளோடு ஒருவர் நிற்க, அவருக்குப் பின்னால் ஒரே ஒரு அட்டையோடு நிற்பவரின் நிலைமைதான் உங்கள் காணொளிக் கூட்டத்தின் சின்னஞ்சிறு பொட்டலத்துக்கும். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-ஆம் ஆண்டுவாக்கில் தம் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டறிந்து எழுதிய பிறகு, பஃபர்புளோட் என்ற பெயரில் இது துறையில் பரவலாகப் பேசப்பட்டது.

இனி வழிகளை ஒவ்வொன்றாக எடை போடலாம்.

பதிவிறக்கும் செயலியிலேயே கடிவாளம் போடுவது

செலவே இல்லாத வழி இது. இரண்டாவது நிலையில் இருப்பவர்கள் முதலில் இதைத்தான் செய்துபார்க்க வேண்டும். ஸ்டீம் செயலியின் பதிவிறக்க அமைப்பில் வேகத்துக்கு உச்சவரம்பு வைக்க முடியும். விண்டோஸ் புதுப்பிப்புக்கும், டெலிவரி ஆப்டிமைசேஷன் என்ற பகுதியில் இதே வசதி இருக்கிறது. அங்கே கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: நீங்கள் இறக்கிய புதுப்பிப்பை இணையத்திலுள்ள பிற கணினிகளுக்கு உங்கள் கணினியிலிருந்து அனுப்பவும் அதே பகுதியில் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கக்கூடும். பதிவேற்ற வேகம் குறைவாக உள்ள இணைப்புகளில் அதை அணைத்துவிடுவதே நல்லது.

வரம்பை எவ்வளவு வைப்பது என்பதில் பலர் அலகைக் குழப்பிக்கொள்கிறார்கள். 100 எம்பிபிஎஸ் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட். முழு வேகத்துக்குச் சற்றுக் கீழே, அதில் 85 விழுக்காடு வைப்பதென்றால் சுமார் 10.6 மெகாபைட். செயலி கேட்பது மெகாபிட்டா, மெகாபைட்டா, கிலோபைட்டா என்று பார்க்காமல் 85 என்று போட்டுவிட்டு, "வரம்பு வைத்தும் பயனில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கோப்பைப் பலரிடமிருந்து துண்டு துண்டாக இறக்கி, பிறருக்கு அனுப்பவும் செய்யும் டோரன்ட் செயலிகளில் இறக்க வேகத்தைவிட ஏற்ற வேகத்தை (பதிவேற்ற வேகத்தை) கட்டுவதுதான் முக்கியம். பதிவிறக்கம் என்பது ஒருவழிப் போக்கன்று. வந்து சேர்ந்த பொட்டலங்களுக்கு ஒப்புகை திரும்பிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்கும்போது இந்த ஒப்புகைகளுக்கு மட்டுமே ஏறத்தாழ 2 எம்பிபிஎஸ் ஏற்ற வேகம் தேவைப்படலாம். ஏற்றப் பாதையை டோரன்ட் முழுதாகப் பிடித்துக்கொண்டால் ஒப்புகை போகாது. ஒப்புகை போகாவிட்டால் இறக்கமும் படுத்துவிடும். கியூபிட்டோரன்ட் செயலி இயல்பாகவே மொத்தம் 500 இணைப்புகள் வரை திறக்க அனுமதிக்கிறது. இதை 100, 150 என்று குறைத்தாலே பல வீடுகளில் நிலைமை மாறிவிடும்.

இந்த வழியின் குறை, ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே செய்ய வேண்டியிருப்பதும், வீட்டிலுள்ள எல்லோரும் ஒத்துழைக்க வேண்டியிருப்பதும்தான். கைபேசியில் செயலிகளைப் புதுப்பிக்கும்போதும், பல விளையாட்டுக் கன்சோல்களிலும் இப்படி வரம்பு வைக்கும் வசதியே இல்லை. தனியாகவோ இருவராகவோ வாழும் வீட்டுக்கு இது போதும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது தற்காலிக ஏற்பாடுதான்.

வீட்டுக்குள் இருப்பதைச் சரிசெய்வது

முதல் சாளரம் தடுமாறும் வீடுகளுக்கு உரியது இது. மேசைக் கணினியோ கன்சோலோ அசையாத இடத்தில் இருந்தால், கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் ஒன்றைப் போட்டு, கனமான பதிவிறக்கத்தை வைஃபையிலிருந்தே நீக்கிவிடுவதைவிடச் சிறந்த தீர்வு வேறில்லை. கேபிள் போட முடியாதபோது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து 5-க்கு மாறுங்கள். அடுக்குமாடிகளில் 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத அலைத்தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான். சுற்றியுள்ள இருபது வீடுகளும் அவற்றைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன.

பதிவிறக்கத்தின்போது மட்டும் வைஃபை அறுபடுவதற்கு, எளிதில் யாரும் சந்தேகிக்காத காரணம் ஒன்று உண்டு. மடிக்கணினியில் யுஎஸ்பி 3.0 வெளிவட்டு ஒன்றைச் செருகி, இறங்கும் கோப்பை நேரே அதில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துளையின் பக்கத்துத் துளையிலேயே கட்டைவிரல் நகத்தளவு வைஃபை டாங்கிளோ, கம்பியில்லா மவுஸின் ஏற்பியோ இருக்கிறது. யுஎஸ்பி 3.0 தரவு ஓடும்போது வெளிப்படும் மின்காந்த இரைச்சல் சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழுகிறது என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. வட்டில் எழுதுவது நிற்கும்போது இரைச்சலும் நின்றுவிடும். ஆகவே பதிவிறக்கம் முடிந்ததும் வைஃபை "தானாக" சரியாகிவிடும். பழி ரூட்டர்மேல் விழும். வட்டை ஒரு முழ நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைப்பதும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும் இதற்குப் போதுமான தீர்வு.

மின் அடாப்டரும் அப்படித்தான். ரூட்டரின் அடியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். நான்கைந்து ஆண்டு ஓடிய அடாப்டரின் உள்ளேயிருக்கும் மின்தேக்கிகள் தளர்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது தாக்குப்பிடிக்கும் அது, ரேடியோவும் மைய செயலியும் (சிபியு) முழு மூச்சில் வேலை செய்யும்போது மின்னழுத்தத்தைக் கீழே விட்டுவிடும். பெட்டி மறுதொடக்கம் ஆகும். எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து எரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மின்வெட்டுக்காக வாங்கி இணைத்த சிறிய ரூட்டர் யுபிஎஸ்ஸும் இதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால், ஒருநாள் அதை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவரில் செருகிப் பார்ப்பது நல்லது. மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அதே அளவாகவும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவும், முனையின் நேர்-எதிர் அமைப்பு பழையதைப் போலவும் இருக்க வேண்டும். சில நூறு ரூபாயில் முடிகிற விஷயம். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் மூடிய அலமாரியில் ரூட்டரை வைத்திருப்பவர்கள், மே மாதத்தில் அதைத் தொட்டுப் பார்த்தாலே வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள்.

இருக்கும் ரூட்டரின் க்யூஓஎஸ்

நிர்வாகப் பக்கத்தில் க்யூஓஎஸ் (யாருடைய தரவுக்கு முன்னுரிமை என்று வகுக்கும் வசதி) என்று ஓர் இடம் இருப்பதைப் பார்த்ததும் நம்பிக்கை வரும். நிறுவனம் கொடுத்த பெட்டிகளில் அது பூட்டப்பட்டிருக்கலாம். திறந்திருந்தாலும், கருவிக்குக் கருவி முன்னுரிமை கொடுப்பது அல்லது குறிப்பிட்ட கருவியின் வேகத்துக்கு உச்சவரம்பு வைப்பது என்ற அளவிலேயே பெரும்பாலும் இருக்கும். முன்னுரிமை கொடுப்பது காகிதத்தில் அழகாக இருக்கிறது. வரிசை உங்கள் பெட்டிக்குள் இல்லாமல் நிறுவனத்தின் பக்கம் நீண்டிருக்கும்போது, உள்ளே யாருக்கு முன்னுரிமை கொடுத்தாலும் வேலைக்காகாது. கருவிக்கு உச்சவரம்பு வைப்பது மட்டும் உருப்படியானது. கன்சோல் போன்ற, சொந்தமாக வரம்பு வைக்க முடியாத கருவிகளுக்கு ரூட்டரில் 70 எம்பிபிஎஸ் என்று கட்டிவிடலாம். வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நள்ளிரவிலும் அது 70-ஐத் தாண்டாது என்பது அதன் விலை.

எஸ்க்யூஎம் உள்ள சொந்த ரூட்டர்

இரண்டாவது நிலைக்கு நிலையான தீர்வு என்று நான் கருதுவது, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்னும் இந்த அமைப்பைத்தான். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை, வரிசையின் நீளத்தைப் பார்க்காமல் ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி வினாடிக்கு மேல் தொடர்ந்து 100 மில்லி வினாடி நீடித்தால், ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு அனுப்புபவருக்கு நெரிசலை உணர்த்துகிறது. அதோடு ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுக்கும் உத்தியைச் சேர்த்ததே எஃப்க்யூ-கோடெல். 2018-இல் இது இணையப் பொறியியல் குழுவான ஐஇடிஎஃப்பின் சோதனைநிலை ஆவணமாகவும் வெளிவந்தது. அதே ஆண்டில் லினக்ஸ் இயங்குதளக் கருவகத்தின் (கெர்னல்) 4.19 பதிப்பில் சேர்க்கப்பட்ட கேக் என்பது இதன் அடுத்த படி. ஒவ்வொரு உரையாடலுக்கும் மட்டுமல்லாமல், வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் நியாயமான பங்கைக் கொடுக்கத் தெரிந்தது. ஒரு கணினி டோரன்டில் முந்நூறு இணைப்புகளைத் திறந்தாலும், பக்கத்து அறைக் கைபேசியின் ஒற்றை அழைப்புக்கு உரிய பங்கு கிடைத்துவிடும்.

இதைச் செயல்படுத்தும் அமைப்பைத்தான் எஸ்க்யூஎம் என்கிறார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மென்பொருள் ஏறக்கூடிய ரூட்டர்களில் இதை நிறுவிக்கொள்ளலாம். அளந்த வேகத்தில் 85 முதல் 95 விழுக்காட்டை இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் வரம்பாக எழுதுவதுதான் முக்கியமான அமைப்பு. அந்தச் சில விழுக்காட்டு வேகத்தை நாமே விட்டுக்கொடுப்பதால், நீளும் வரிசை நிறுவனத்தின் பக்கமிருந்து நம் ரூட்டருக்குள் வந்துவிடுகிறது. நம் கைக்குள் வந்த வரிசையை ஒழுங்குபடுத்த முடியும். பதிவிறக்கம் முழு வீச்சில் ஓடும்போதும் இரண்டாவது சாளரத்தின் எண் இருபது, முப்பதைத் தாண்டாமல் நிற்பதைப் பார்க்கும்போது, இதற்கு முன்னால் எதற்காகப் பணம் செலவழித்தோம் என்று தோன்றும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஆன்டெனாக்களின் எண்ணிக்கையையோ, அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் கூட்டுத்தொகை வேகத்தையோ அல்ல, உள்ளேயிருக்கும் மைய செயலியைத்தான் (சிபியு). சாதாரண ரூட்டர்கள் தரவைக் கடத்தும் வேலையை ஒரு தனிச் சில்லுச் சுற்றிடம் விட்டுவிட்டு மைய செயலியைச் சும்மா வைத்திருக்கும். அதனால்தான் மலிவான பெட்டியும் நூற்றுக்கணக்கான எம்பிபிஎஸ் கடத்துகிறது. எஸ்க்யூஎம் போட்டால் அந்தக் குறுக்குவழி பெரும்பாலும் பயன்படாது. ஒவ்வொரு பொட்டலமும் மைய செயலியைத் தொட்டுத்தான் போக வேண்டும். பழைய, ஒற்றைக் கருவ மிப்ஸ் செயலிகள் 100 எம்பிபிஎஸ்ஸை எட்டுவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிடும். அண்மைக்கால ஏஆர்எம் செயலிகள் பல நூறு எம்பிபிஎஸ் வரை தாங்குகின்றன. ஆகவே 100 எம்பிபிஎஸ் வீட்டுக்கு நடுத்தர விலை ரூட்டர் போதும்; கிகாபிட் இணைப்புக்கு இதைச் செய்ய வேண்டுமானால் செலவு கணிசமாக ஏறும். அந்த வேகத்தில் பாதையே அரிதாகத்தான் நிரம்பும் என்பதால் தேவையும் குறைவு.

சொந்த ரூட்டர் வாங்குபவர்கள், நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் நிலைக்கு (தானே ரூட்டராக இயங்காமல் இணைப்பை அப்படியே கடத்திவிடும் நிலைக்கு) மாற்றியே ஆக வேண்டும் என்று மெனக்கெடுகிறார்கள். அதற்குப் பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலையில் உள்நுழையும் முறை) பயனர்பெயரும் கடவுச்சொல்லும், ஒரே இழையில் சேவைகளைப் பிரிக்கும் விலான் எண்ணும் வேண்டும்; வாடிக்கையாளர் சேவையில் இவற்றைக் கேட்டு வாங்குவது தனிப் போராட்டம்; அதே பெட்டியில் தரைவழித் தொலைபேசியோ ஐபி தொலைக்காட்சியோ இருந்தால் அது நின்றுபோகும் வாய்ப்பும் உண்டு. இந்தக் கட்டுரையின் பிரச்சினைக்கு இது தேவையே இல்லை. நிறுவனத்தின் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை எடுத்துப் புதிய ரூட்டரின் வெளித்துளையில் (WAN) செருகி, பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் புதியதில் சேர்த்தாலே எஸ்க்யூஎம் முழுமையாக வேலை செய்யும். உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு பெட்டிகளிலும் நடப்பதால் வெளியிலிருந்து வீட்டுக்குள் இணைக்க வேண்டியவர்களுக்கு, எடுத்துக்காட்டாகச் சொந்தமாகச் சேவையகம் வைத்திருப்பவர்களுக்கு, மட்டுமே இடைஞ்சல்.

எல்லை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். படுக்கையறையில் வைஃபை வலுவிழந்து 30 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால், குறுகலான இடம் வெளி இணைப்பில் இல்லை, வைஃபையில் இருக்கிறது. அங்கே எஸ்க்யூஎம் எழுதிய 90 என்ற வரம்புக்கு அர்த்தமில்லை. அந்த வீட்டுக்கு வைஃபையை அறைக்கு அறை பரப்பும் மெஷ் கருவிகளோ, இரண்டாவது அணுகு புள்ளியோதான் வழி. அவற்றையும் கூடுமானவரை கேபிளால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும் வீட்டில் பதிவிறக்கத் தடுமாற்றத்துக்காக மெஷ் வாங்குவது வீண்.

கூடுதல் வேகத் திட்டம்

100-லிருந்து 300-க்கு மாறினால் பிரச்சினை போய்விடுமா? அதே அளவுள்ள வரிசை மூன்று மடங்கு விரைவாகக் கரையும் என்பதால் தாமதம் குறையவே செய்யும்; நூறு ஜிபி விளையாட்டு, இரண்டே கால் மணி நேரத்துக்குப் பதிலாக முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடும் என்பதால் வீடு தவிக்கும் நேரமும் குறையும். ஆனால் பெரிய விளையாட்டு நிறுவனங்களின் சேவையகங்கள் 300-ஐயும் நிரப்பக் கூடியவை. குறை சிறுத்துப்போகுமே தவிரத் தீராது. மாதாமாதம் கூடுதல் கட்டணம் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். ஓராண்டில் அந்தக் கூடுதல் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு நல்ல ரூட்டரின் விலையைத் தாண்டிவிடும். ஏற்ற வேகம் மிகக் குறைவாக, 5 எம்பிபிஎஸ் போல, உள்ள பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் இதைத் தயங்காமல் சொல்வேன்: இறக்கமும் ஏற்றமும் சமமாக உள்ள திட்டம் ஒன்றுக்கு மாறிவிடுங்கள்.

புகார் கொடுப்பதும் நிறுவனத்தை மாற்றுவதும்

இரண்டாவது சாளரம் செத்து, பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஒளி வந்து சேரவில்லை, அதை அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் ஒளியின் அளவு தெரிந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஃபைபரில் பரவலாகப் புழங்கும் ஜிபான் தொழில்நுட்பக் கருவிகள் மைனஸ் 27 டெசிபல்-மில்லிவாட் வரை தாக்குப்பிடிக்கும் வகையில் வரையறுக்கப்பட்டவை. மைனஸ் 26, 27 என்று காட்டினால் பெரும்பாலும் எங்கோ இழை மடங்கியிருக்கிறது அல்லது இணைப்பு முனை அழுக்காகியிருக்கிறது.

ஆனால் ஒளியின் அளவு பதிவிறக்கத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை. கனமான பதிவிறக்கத்தின்போது மட்டும் வெளி இணைப்பு விழுகிறது, எல்ஓஎஸ் விளக்கும் எரியவில்லை என்றால், இழைமேல் சந்தேகப்படுவதற்கு முன் பிபிபிஓஇ அமர்வைப் பாருங்கள். இந்த முறையில் இணைந்திருக்கும் ரூட்டரும் நிறுவனத்தின் கருவியும், "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று குறிப்பிட்ட இடைவெளியில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. ஏற்றப் பாதை அடைபட்டு அந்தப் பதில் தொடர்ந்து சில முறை போய்ச் சேராவிட்டால், எதிர்முனை இறந்துவிட்டதாகக் கருதி அமர்வை முறித்துவிடுவார்கள். பார்ப்பதற்கு இணைப்புக் கோளாறு. அடியில் இருப்பது அதே வரிசைக் கோளாறு. ஏற்ற வேகத்தைக் கட்டிப் பார்த்து அமர்வு முறியாமல் நின்றால், தொழில்நுட்பப் பணியாளர் வீட்டுக்கு வர வேண்டியதே இல்லை.

நான்காவது நிலையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அது பெரும்பாலும் டோரன்ட் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கே வருவது. ரூட்டர், திறந்திருக்கும் ஒவ்வோர் இணைப்பையும் ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கும். அது நிரம்பினால் பழைய இணைப்புகள் ஓடும், புதியவை திறக்காது. பல ரூட்டர்களுக்கு அடிப்படையான லினக்ஸ் கருவகம் ஒரு டிசிபி இணைப்பை, பேச்சு மூச்சில்லாமல் போனாலும், இயல்பாக ஐந்து நாள் வரை நினைவில் வைத்திருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி இதை 7440 வினாடியாக, அதாவது இரண்டு மணி நான்கு நிமிடமாகக் குறைத்திருக்கிறது. அட்டவணை உங்கள் பெட்டியில் இல்லாமல் நிறுவனத்தின் பக்கமும் இருக்கலாம்: ரூட்டரின் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பங்கிடும் சிஜிநாட் அமைப்பில் இருக்கிறீர்கள். அங்கே வீட்டுக்கு இத்தனை இணைப்புகள் என்ற வரம்பு இருக்கக்கூடும். டோரன்டின் இணைப்பு எண்ணிக்கையைக் குறைப்பதும், இப்படி முகவரியைப் பங்கிடத் தேவையில்லாத ஐபிவி6-ஐ இயக்கி வைப்பதும் முதலில். கட்டணம் செலுத்தித் தனி முகவரி வாங்குவது அதன் பின். பிங் ஓடுகிறது, ஆனால் பெயரைத் தட்டினால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் மட்டும் திணறுகிறது. கணினியிலேயே வேறொரு டிஎன்எஸ் முகவரியை எழுதிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

என் தேர்வு வரிசை இதிலிருந்தே தெளிவாகும். முதல் சாளரம் தடுமாறும் வீடு, கேபிளிலும் அடாப்டரிலும் தொடங்க வேண்டும். இரண்டாவது சாளரத்தின் எண் ஏறும் வீடு, ஒரு வாரம் செயலிகளில் வரம்பு வைத்துப் பார்க்க வேண்டும். அது பலன் தந்து, ஆனால் எல்லோரையும் கண்காணிக்க முடியவில்லை என்றால், அந்தப் பணத்தை எஸ்க்யூஎம் ரூட்டரில் போடலாம். நிறுவனத்தை மாற்றுவதைக் கடைசியில்தான் வைப்பேன். வரிசைக் கோளாறு புதிய நிறுவனத்தின் பெட்டியிலும் அதே உருவத்தில் வந்து உட்காரும். இழை ஒழுங்காக இல்லாமல், புகார் கொடுத்தும் சரிசெய்யாத நிறுவனமாக இருந்தால் மட்டும் விட்டுவிடலாம்.

எஸ்க்யூஎம் வரம்பை எழுதும்போது எந்த நேரத்து வேகத்தை அளந்தீர்கள் என்பது முக்கியம். காலையில் 98 வரும் இணைப்பு, தெருவே படம் பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கு 75-க்கு இறங்கிவிட்டால், 90 என்று எழுதிய வரம்பு அந்த நேரத்தில் எதையும் கட்டாது. வரிசை மறுபடி நிறுவனத்தின் பக்கம் போய்விடும். இரவு ஒன்பதுக்குப் பலமுறை அளந்து, அதில் குறைவான எண்ணிலிருந்து 85 விழுக்காட்டை எழுதித் தொடங்குங்கள். பிறகு இரண்டாவது சாளரத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்தைந்தாக ஏற்றி, எண் எகிறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். கூரைமேல் ஏற்பிக் கருவி வைத்து 5ஜி அலைவரிசையில் இணையம் தரும் இணைப்புகளில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், இப்படி ஒரே எண்ணை எழுதி வைத்து ஒப்பேற்ற முடியாது. தாமதத்தை அளந்து வரம்பைத் தானே ஏற்றி இறக்கும் கேக்-ஆட்டோரேட் என்ற நிரலை ஓப்பன்டபிள்யூஆர்டியில் கூடுதலாக நிறுவிக்கொள்ள வேண்டியிருக்கும்.